மோட்சத்தைச் சொல்லி அழுகையை அடக்காதீர்கள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் பணிசெய்யும் பங்குத்தந்தையருக்கும், அருட்சகோதரிகளுக்கும், போதகர்களுக்கும், மறையாசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்



நவம்பர் மாதம் நெருங்குகிறது. இறந்தோர் நினைவு நாளான 2ஆம் திகதிக்கு முன்னரே நம் சேமக்காலைகளில் புல்லுச் செருக்கி, சிலுவைகளுக்கு வெள்ளையடித்துவிடுவார்கள். அன்று மாலை கல்லறை கல்லறையாக மெழுகுதிரி எரியும்; சுவாமி தீர்த்தம் தெளித்துக்கொண்டு வருவார். அந்த நேரத்தில் மதிலோரமாக, கையிலிருக்கும் மெழுகுதிரியை எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்கிறவர்களையும் நீங்கள் கண்டிருப்பீர்கள். அவர்களுடைய ஆட்களுக்குக் கல்லறை இல்லை. போரின் கடைசி நாட்களில் மாத்தளனிலும் பொக்கணையிலும் முள்ளிவாய்க்காலிலும் அவசரமாக மண்ணள்ளி மூடிவிட்டு ஓடிவந்த இடங்களை இன்று அடையாளம் காண முடியாது. வேறு சிலருக்குத் தங்கள் பிள்ளை இறந்துவிட்டதா என்பதே தெரியாது. பூசை ஒப்புக்கொடுக்க வருகிற தாயிடம் என்ன கருத்துக்கு என்று கேட்டால், மகனின் பெயரைச் சொல்லிவிட்டு அதற்கு மேல் சொல்ல வராமல் நிற்பாள். ஆத்தும இளைப்பாற்றிக்கு என்று சொன்னால், மகனைத் தன் வாயாலேயே சாகக் கொடுத்ததாகிவிடும். சுகமாகத் திரும்பி வர என்று சொன்னால், இத்தனை ஆண்டுக்குப் பிறகுமா என்று பக்கத்தில் நிற்பவர்களின் பார்வை கேட்கும்.

அந்தத் தாய்க்கு நாம் என்ன சொல்கிறோம் என்பதைப் பற்றியே இந்த மடல்.

நான் குருவானவன் அல்ல. வன்னியில் இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, வன்னிக்கே திரும்பி வந்த ஒரு விசுவாசி. செத்தவீடுகளிலும் ஜெபக்கூட்டங்களிலும் நினைவுத் திருப்பலிகளிலும் உங்கள் பேச்சைக் கேட்டு வாழ்கிறவர்களில் ஒருவன். உங்களிடம் எனக்கு இருப்பது ஒரே ஒரு வேண்டுகோள். விண்ணகத்தைப் பற்றி எங்களுக்குச் சொல்லுங்கள், முன்னரைவிடக் கூடுதலாகச் சொல்லுங்கள். ஆனால் அழுகிறவர்களின் வாயை அடைக்க அதைப் பயன்படுத்தாதீர்கள். "அழாதேங்கோ அம்மா, அவன் இப்ப மோட்சத்தில சந்தோசமா இருக்கிறான்" என்ற சொல் நல்ல மனதோடுதான் சொல்லப்படுகிறது. கேட்கிற தாய்க்கோ, இனி இதைப் பற்றிப் பேசாதே என்றுதான் அது கேட்கிறது.

இன்னும் கடினமாகப் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். நம்முடைய பாவத்துக்குக் கடவுள் அனுப்பிய தண்டனை என்கிறார்கள். குடும்பத்தில் ஏதோ சாபம் இருந்ததால்தான் ஷெல் அந்த வீட்டைத் தேடி வந்தது என்கிறார்கள். உண்மையாக ஜெபித்திருந்தால் தப்பியிருப்பார்கள் என்றும் சிலர் சொல்கிறார்கள். இந்தச் சொற்களுக்கு இயேசுவே பதில் சொல்லிவிட்டார். லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பலி செலுத்திக்கொண்டிருந்த கலிலேயரைப் பிலாத்து கொன்ற செய்தியைச் சிலர் அவரிடம் கொண்டுவருகிறார்கள். சீலோவாமில் கோபுரம் சரிந்து 18 பேர் இறந்ததை அவரே எடுத்துச் சொல்கிறார். ஒன்று, வழிபாட்டு நேரத்தில் அதிகாரத்தின் கை செய்த கொலை. மற்றது, யாரும் திட்டமிடாத பேரிடி. இறந்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்ற கேள்விக்கு, இரண்டு இடத்திலும் இல்லை என்றே பதில் சொன்னார்.

வன்னிக்கு இந்த இரண்டும் தெரியும். 1999 நவம்பர் 20ஆம் திகதி, பாதுகாப்புத் தேடி வந்த மக்கள் நிறைந்திருந்த மடு ஆலய வளாகத்தில் எறிகணை விழுந்து நாற்பது பேரளவில் இறந்தார்கள். பிள்ளைகளும் அதற்குள் இருந்தார்கள். மடு மன்னார் மாவட்டத்தில் இருந்தாலும் வன்னி முழுவதுக்கும் அது தாய்வீடு. 2004 டிசம்பர் 26, நத்தாருக்கு அடுத்த நாள், ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை கடல் எழுந்து முல்லைத்தீவுக் கரையையும் இராயப்பர் ஆலயத்தையும் அடித்து உடைத்தது. முதல் நாள் பாலன் பிறப்பைக் கொண்டாடிய குடும்பங்களை மறுநாள் கடல் கொண்டுபோனது. இவர்கள் மற்ற ஊர்க்காரரைவிடப் பாவிகளா? இல்லை என்று சொன்னவர் இயேசு. அதன்பின் அவர் மனந்திரும்பும்படி எச்சரித்தது உண்மைதான். அந்த எச்சரிக்கை உயிரோடு நின்று கேள்வி கேட்டவர்களுக்கே சொல்லப்பட்டது. இறந்தவர்கள் மேல் அவர் ஒரு பழியையும் வைக்கவில்லை.

யோபுவின் நண்பர்களும் இதே தவறைத்தான் செய்தார்கள். ஏழு பகலும் ஏழு இரவும் அவனோடு தரையில் பேசாமல் இருந்தார்கள். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள். பிறகு வாயைத் திறந்து, கடவுளுக்கு வக்கீலாகி, யோபுவைக் குற்றவாளியாக்கினார்கள். புத்தகத்தின் கடைசியில் கடவுள் யார்மேல் கோபப்படுகிறார் என்று பாருங்கள். தன்னை எதிர்த்துக் கேள்வி கேட்ட யோபுவின் மேல் அல்ல. தனக்காகப் பரிந்து பேசிய நண்பர்கள் மேல். பிரசங்கம் செய்கிற ஒவ்வொருவரும் செத்தவீட்டுக்குப் போகுமுன் அந்தக் கடைசி அதிகாரத்தை ஒருமுறை வாசிக்க வேண்டும்.

அப்படியானால், துன்பத்தைப் பற்றிக் கிறிஸ்தவன் என்னதான் சொல்வது? ஜேர்மன் இறையியலாளர் யூர்கன் மோல்ட்மன் 1943 ஜூலையில், பதினேழு வயதில், ஹம்பர்க் நகரம் குண்டுவீச்சில் எரிந்தபோது அங்கே இருந்தவர். பக்கத்தில் நின்ற நண்பன் சிதறிப் போனான், இவர் பிழைத்தார். அன்றிரவு தன்னுள் எழுந்தது கடவுள் ஏன் இதை அனுமதித்தார் என்ற கேள்வி அல்ல, கடவுள் எங்கே என்ற கேள்வியே என்று அவர் பின்னர் எழுதினார். அந்தக் கேள்வியிலிருந்துதான் சிலுவையில் அறையப்பட்ட கடவுளைப் பற்றிய அவருடைய 1972ஆம் ஆண்டு நூல் பிறந்தது. பங்கருக்குள் இருந்தவர்களின் கேள்வியும் அதுதான். விளக்கம் கேட்க அங்கே யாருக்கும் நேரமில்லை. ஆண்டவரே எங்க இருக்கிறீர் என்றுதான் கேட்டார்கள்.

அதற்குக் கிறிஸ்தவ விசுவாசம் தரும் பதில் சிலுவை. கடவுள் அந்த இடத்திலேயே இருந்தார். கைவிடப்பட்டவராக, கைதியாக, நிர்வாணமாக, தாயின் கண்முன்னே சாகிற மகனாக இருந்தார். எங்களுக்கு அது ஏட்டில் படித்த செய்தியாக மட்டும் வரவில்லை. போகாமல் எங்களோடு நின்றவர்கள் அதை வாழ்ந்து காட்டினார்கள். மனித உரிமைகளுக்காக உழைத்த அருட்தந்தை சேவியர் கருணாரத்தினம் 2008 ஏப்ரல் 20இல் கிளைமோர் வெடித்துக் கொல்லப்பட்டார். அதற்கு முந்திய ஆண்டு, 2007 செப்டம்பர் 26இல், இடம்பெயர்ந்தவர்களுக்கு உதவி செய்துகொண்டிருந்த அருட்தந்தை பாக்கியரஞ்சித் அதேவிதமாக வீதியில் கொல்லப்பட்டார். 2009 ஏப்ரலில் வலைஞர்மடம் ஆலயத்தில் மக்களோடு தங்கியிருந்த குருக்களும் எறிகணையில் காயப்பட்டார்கள். உருத்திரபுரம் பங்குத்தந்தை சரத்ஜீவன் கடைசி நாள்வரை சனங்களோடு இருந்து, மே 18ஆம் திகதி வெளியே வரும்போது மாரடைப்பால் இறந்தார். அதே நாளில், யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர் அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப், வட்டுவாகலில் இராணுவத்திடம் சரணடைந்தவர்களோடு தானும் போனார். இன்றுவரை அவர் திரும்பவில்லை. வன்னியின் காணாமல் ஆக்கப்பட்டோர் பட்டியலில் ஒரு குருவின் பெயரும் இருக்கிறது.

மடு அன்னையும் எங்களோடு இடம்பெயர்ந்தவள்தான். ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துன்புறுத்திய காலத்தில் மாந்தையிலிருந்து மக்கள் அந்தச் சுரூபத்தைக் காட்டுக்குள் கொண்டுவந்தார்கள். 1670இல் அது மருதமடுவில் வைக்கப்பட்டது. 2008 ஏப்ரலில் சண்டை நெருங்கியபோது குருக்கள் அதை மறுபடி தூக்கிக்கொண்டு தேவன்பிட்டிக்குப் போனார்கள். அகதியாக வந்த தாயைக் கும்பிடுகிற சனத்திடம், கடவுள் எங்களைத் தண்டித்தார் என்று எப்படிச் சொல்ல முடியும்?

இனி விண்ணகத்துக்கு வருகிறேன். விண்ணகத்தின் மகிழ்ச்சி எப்படிப்பட்டது என்று இயேசு வெளிப்படையாகச் சொன்ன இடம் லூக்காவின் 15ஆம் அதிகாரம். அங்கே மூன்று கதைகள். காணாமல் போன ஓர் ஆடு, காணாமல் போன ஒரு காசு, காணாமல் போன ஒரு மகன். ஆட்டையும் காசையும் தேடிப்போகிறார்கள். மகனுக்காக ஒரு தகப்பன் காத்திருக்கிறார். தொலைந்தது கிடைத்தபோது அயலவரைக் கூப்பிட்டு எல்லோரும் மகிழ்கிறார்கள். அந்த மகிழ்ச்சிதான் விண்ணகத்தில் இருக்கிறது என்று இயேசு சொல்கிறார். மனந்திரும்பும் பாவியைப் பற்றியே அவர் பேசினார் என்பது தெரியும். ஆனால் அந்த மகிழ்ச்சிக்கு அவர் தெரிந்தெடுத்த உருவம் எது? துன்பத்தை மறந்து ஓய்வாக இருக்கிற ஒருவரை அவர் காட்டவில்லை. தொலைத்ததைத் தேடி, விடாமல் தேடி, கண்டெடுத்தவரின் முகத்தைக் காட்டினார்.

இதை வன்னியில் நின்று வாசிக்கும்போது நெஞ்சு அதிர்கிறது. விளக்கைக் கொளுத்தி, வீட்டைக் கூட்டி, மூலைமுடுக்கெல்லாம் தேடுகிற அந்தப் பெண் எங்களுக்குத் தெரிந்தவள். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் கொட்டகை போட்டு உட்கார்ந்தாள். வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் அப்படியே உட்கார்ந்தாள். கையில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் படம். சைவத் தாய்மாரும் வேதக்காரத் தாய்மாரும் ஒரே பாயில் இருக்கிறார்கள். வெயிலும் மழையும் பார்த்தார்கள். ஆணைக்குழுக்களுக்குப் போய் மறுபடி மறுபடி அதே கதையைச் சொன்னார்கள். புலனாய்வுக்காரரின் விசாரணையைத் தாங்கினார்கள். பிள்ளையின் முடிவை அறியாமலே பல தாய்மார் கண்ணை மூடிவிட்டார்கள். தூரத்தில் வரும்போதே மகனைக் கண்டுகொண்ட அந்தத் தகப்பன் ஒவ்வொரு நாளும் வீதியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். எங்கள் ஊர்களில் அப்படி வீதியைப் பார்த்தபடி இருக்கிற தகப்பன்மார் எத்தனை பேர்!

இயேசுவின் விண்ணகம் கண்டெடுப்பதில் மகிழ்கிற விண்ணகம் என்றால், தேடிக்கொண்டிருப்பவர்கள்தான் அதற்கு மிகக் கிட்ட இருப்பவர்கள். அவர்களிடம் போய், "மோட்சத்தை நினைச்சுத் தேடுறதை விடுங்கோ" என்று சொல்வது விண்ணகத்தின் பெயரால் விண்ணகத்துக்கு எதிராகப் பேசுவது. என் மடலில் வேறு எதை நீங்கள் மறந்தாலும் இதை மறக்கக் கூடாது என்று கேட்கிறேன்.

ஆடு தொலைந்ததை மேய்ப்பன் எப்படி அறிந்தான்? எண்ணிப் பார்த்ததால் அறிந்தான். தொண்ணூற்றொன்பது இருக்கிறதே என்று திருப்திப்பட்டிருந்தால் அந்தக் கதையே இல்லை. மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் 2011 ஜனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் போய், 2008 அக்டோபரில் வன்னியில் இருந்தவர்களாக அரச செயலகங்கள் காட்டிய 429,059 பேரிலிருந்து, 2009 ஜூலைவரை அரச கட்டுப்பாட்டுக்குள் வந்த 282,380 பேரைக் கழித்து, மிகுதி 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். அரச செயலகங்களும் ஐக்கிய நாடுகளும் கொடுத்த எண்களை வைத்துச் செய்த கழித்தல் கணக்கு அது. பலர் அதை அரசியல் என்றார்கள். அது மேய்ப்புப்பணி. தன் மந்தையை எண்ணிப் பார்த்த மேய்ப்பனின் வேலை. 2021 ஏப்ரல் 1ஆம் திகதி அவர் இறந்தார். அவருடைய கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

வேதாகமத்தில் இன்னொரு தாய் இருக்கிறாள். சாமுவேலின் இரண்டாம் புத்தகத்தில், 21ஆம் அதிகாரத்தில், ரிஸ்பாள். அரச பேரத்தில் அவளுடைய இரண்டு மகன்மாரும் இன்னும் ஐந்து பேரும் கொல்லப்பட்டு, அடக்கம் செய்யப்படாமல் மலையில் விடப்பட்டார்கள். அவள் சாக்குத் துணியை எடுத்துப் பாறையில் விரித்தாள். அறுவடை தொடங்கிய நாளிலிருந்து மழை விழும்வரை பகலில் பறவைகளையும் இரவில் காட்டு மிருகங்களையும் அந்த உடல்களை அண்டவிடாமல் விரட்டினாள். அவள் பேசியதாக ஒரு சொல்லும் அங்கே எழுதப்படவில்லை. கடைசியில் அரசன் தாவீதுக்குச் செய்தி எட்டியது; எலும்புகளைச் சேர்த்து மரியாதையோடு அடக்கம் செய்வித்தான். அதற்குப் பிறகுதான் நாட்டுக்காகச் செய்த மன்றாட்டைக் கடவுள் கேட்டார் என்று அந்தக் கதை முடிகிறது. நம் நாட்டுக்காகச் செபிக்கிற ஒவ்வொரு முறையும் அந்த வரிசையை நினைவில் வையுங்கள். முதலில் எலும்புகளுக்கு மரியாதை, அதன் பிறகு செபத்துக்குப் பதில்.

2023 ஜூனில் முல்லைத்தீவு கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய் புதைக்க நிலத்தைத் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிவந்தன. நீதிமன்ற மேற்பார்வையில் நடந்த அகழ்வில் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களின் எச்சங்கள் எடுக்கப்பட்டன. அந்தக் குழியருகே வந்து நின்ற தாய்மார் ஒவ்வொருவரும், இது என் பிள்ளையாக இருக்கக் கூடாது என்றும் இதாவது என் பிள்ளையாக இருக்கட்டும் என்றும் ஒரே மூச்சில் மன்றாடினார்கள். உலர்ந்த எலும்புகளின் பள்ளத்தாக்கில் நின்ற எசேக்கியேலிடம், இவை உயிர்பெறுமா என்று கடவுள் கேட்டார். தீர்க்கதரிசி அவசரப்பட்டு ஆம் என்று சொல்லவில்லை. அது உமக்குத்தான் தெரியும் என்று கடவுளிடமே விட்டுவிட்டான். அதுவும் விசுவாசம்தான். எல்லாவற்றுக்கும் உடனே பதில் சொல்வதைவிட, எலும்புகளின் நடுவே நிற்கத் துணிவது பெரிய விசுவாசம்.

உயிர்த்த இயேசு தம் நண்பர்களுக்குக் காட்டியது என்ன? காயங்களை. கல்லறையை விட்டு எழுந்த உடலில் ஆணித் தழும்பும் விலாக்குத்தும் இருந்தன. சாவை வென்ற கடவுளால் அவற்றை அழிக்க முடியாதா? அழிக்கவில்லை. கட்டுவாப்பிட்டிய புனித செபஸ்தியார் ஆலயத்தில் 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு அன்று குண்டு வெடித்தபோது, உயிர்த்த ஆண்டவரின் சுரூபத்தில் மக்களின் இரத்தம் தெறித்தது. அந்த இரத்தத்தோடேயே அதை அங்கே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். சரியாகச் செய்தார்கள். நாம் நம்புகிற உயிர்ப்பு அப்படிப்பட்டது. காலை இழந்தவன், கண்ணை இழந்தவள், உடம்புக்குள் இன்னும் ஷெல் துண்டோடு நடமாடுகிறவர்கள் எல்லோருக்கும் நாம் சொல்ல வேண்டியது இதுதான்: உங்கள் காயம் மறைக்கப்பட வேண்டிய வெட்கம் அல்ல, விண்ணகத்தில் காயத்தோடு ஒருவர் இருக்கிறார்.

பெயர்களும் அப்படித்தான். தம் சீடர்களின் பெயர்கள் விண்ணகத்தில் எழுதப்பட்டிருப்பதே மகிழ்ச்சிக்குக் காரணம் என்று இயேசு அவர்களுக்குச் சொன்னார். 2017 மே மாதம் முள்ளிவாய்க்கால் கிழக்கில் சின்னப்பர் ஆலயத்தருகே, இறந்தவர்களின் பெயர்களைக் கல்லில் பொறித்து நினைவுகூர ஏற்பாடு செய்தார்கள். நீதிமன்றத் தடை வந்தது. பெயர் எழுதுவது கிறிஸ்தவனுக்குப் புதிய வேலை அல்ல. கடவுளே செய்கிற வேலை. ஒரு சனத்தின் இறந்தவர்களை எண்களாக மட்டும் விட்டுவிட நமக்கு அனுமதியில்லை.

விண்ணகம் நிலத்தை மறக்கச் சொல்வதுமில்லை. எசாயாவின் 65ஆம் அதிகாரம் புதிய வானத்தையும் புதிய பூமியையும் சொல்லும்போது, கட்டின வீட்டில் கட்டினவர்களே குடியிருக்கிற, நட்ட கொடியின் பழத்தை நட்டவர்களே தின்கிற காலத்தைக் காட்டுகிறது. கட்டினவர் ஒருவர், குடியிருப்பவர் இன்னொருவர் என்ற அநியாயம் முடிகிற இடம் அது. இரணைதீவு மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1992இல் தங்கள் தீவை விட்டு வெளியேறி, முழங்காவில் இரணைமாதாநகரில் ஒரு தலைமுறை காத்திருந்த மீனவக் குடும்பங்கள் 2017 மே 1ஆம் திகதி போராட்டத்தைத் தொடங்கின. ஓராண்டளவாகியும் பதில் வராதபோது, 2018 ஏப்ரல் 23ஆம் திகதி வெள்ளைக் கொடி கட்டிய வள்ளங்களில் புறப்பட்டுத் தீவில் இறங்கினார்கள். இறங்கியதும் தங்கள் செபமாலை மாதா ஆலயத்துக்குப் போய் மண்டியிட்டார்கள். வேறு இடத்தில் மோட்சம் இருக்கிறது, இந்த மண்ணை விடுங்கள் என்று அவர்களுடைய குருக்கள் சொல்லவில்லை, கூடவே போனார்கள். வீடு திரும்பும் நாளின் அந்த மகிழ்ச்சியை வைத்து விண்ணகத்தைச் சொல்லிப் பாருங்கள். வன்னியில் கேட்காத காது இருக்காது.

எனக்கே கடினமான ஒன்றையும் எழுத வேண்டும். திருவெளிப்பாடு காட்டுகிற விண்ணகத்தில் எல்லா இனத்தவரும் எல்லா மொழியினரும் ஒன்றாக நிற்கிறார்கள். எங்கள்மேல் ஷெல் அடித்தவனின் தாயும் அங்கே நிற்கலாம். ஐக்கிய நாடுகளின் நிபுணர் குழு 2011இல் கொடுத்த அறிக்கை, கடைசிக் கட்டத்தில் 40,000 பொதுமக்கள்வரை இறந்திருக்கக்கூடும் என்றது. தாக்குதலற்ற வலயங்கள் என்று அறிவித்த இடங்களிலும் வைத்தியசாலைகளிலும் அரச படை எறிகணை வீசியதை அது சொல்கிறது. புலிகள் மக்களை வெளியேற விடாமல் தடுத்ததையும், தப்ப முயன்றவர்களைச் சுட்டதையும், பிள்ளைகளைப் பலவந்தமாகப் பிடித்துப் போனதையும் சொல்கிறது. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் புலிகளால் விரட்டப்பட்டபோது முல்லைத்தீவு முஸ்லிம்களும் கையில் பையோடு போனார்கள். நாங்கள் அழும்போது அவர்களுடைய அழுகைக்கும் இடம் விட வேண்டும். நம்முடைய துன்பத்தை மட்டும் எண்ணுகிற விண்ணகம் இயேசுவின் விண்ணகம் ஆகாது.

ஆனால் மன்னிப்பை எங்களிடம் கட்டாயப்படுத்தாதீர்கள். மன்னிக்கிற உரிமை காயப்பட்டவருடையது; பிரசங்கம் செய்கிறவருடையது அல்ல. யார் செய்தார், என்ன செய்தார் என்று யாரும் வாய் திறக்காத இடத்தில், எதை மன்னிப்பது என்றே தாய்க்குத் தெரியாது. சக்கேயு மன்னிப்புப் பெற்ற அன்று, எடுத்ததை நாலு மடங்காகத் திருப்பிக் கொடுப்பதாக எழுந்து நின்று சொன்னான். உயிர்ப்பு ஞாயிறன்று இறந்தவர்களுக்கு உண்மையும் நீதியும் வேண்டும் என்று கொழும்பில் திருச்சபை உரத்துக் கேட்கிறது, அது நியாயம். அதே குரல் வலைஞர்மடத்துக்கும் வட்டுவாகலுக்கும் வர வேண்டும்.

மோட்சத்தைப் பற்றிய பேச்சு ஏழைகளை மயக்குகிற அபின் என்று சொல்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அப்படி அது பயன்படுத்தப்பட்டது உண்மை. இருந்தும் விண்ணகத்தை எங்களிடமிருந்து எடுத்துவிடாதீர்கள். எவ்வளவு நேர்மையான நீதிமன்றம் வந்தாலும், எல்லா உண்மையும் வெளிவந்தாலும், பங்கருக்குள் இறந்த குழந்தைக்கு ஒரு நாளைக்கூட அது திருப்பிக் கொடுக்காது. நட்டஈடு உயிரோடு இருப்பவர்களுக்குத்தான். இறந்தவர்களுக்கு நீதி வழங்கக்கூடியவர் இறந்தவர்களை எழுப்பக்கூடிய ஒருவரே. அவர் எழுப்புவார் என்று நாங்கள் நம்புகிறோம். எங்கள் கண்ணீரை அவர் தம் கையாலேயே துடைப்பார் என்று நம்புகிறோம். அந்த நம்பிக்கை எங்களைத் தூங்க வைக்கவில்லை. கொட்டகையில் உட்கார வைத்ததும் வள்ளத்தில் ஏற வைத்ததும் அதுதான். இறுதியில் நியாயம் வெல்லும் என்று அறிந்தவனுக்குத்தான் தோற்றுக்கொண்டே போகிற வழக்கையும் கைவிடாமல் நடத்தத் தெம்பு இருக்கும்.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன்.

செத்தவீட்டுக்கும் நினைவு நாளுக்கும் வரும்போது முதலில் இருங்கள். யோபுவின் நண்பர்களின் முதல் ஏழு நாட்களைப்போல இருங்கள். காரணம் சொல்ல முயலாதீர்கள். தண்டனை, சாபம் என்ற சொற்கள் உங்கள் வாயில் வரவே வேண்டாம்.

நவம்பரில் காணாமல் ஆக்கப்பட்டோருக்கென ஒரு திருப்பலி, ஓர் ஆராதனை வையுங்கள். உயிரோடு இருக்கிறாரா இறந்தாரா என்று தாயைத் தீர்மானிக்கச் சொல்லாதீர்கள். கடவுளுக்கு அவன் இருக்கும் இடம் தெரியும்; அந்த அறிவில் அவனை ஒப்படைத்தால் போதும். பெயர்களை ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் வாசியுங்கள். சேமக்காலையில் ஒரு சிலுவையைக் கல்லறை இல்லாதவர்களுக்கென ஒதுக்குங்கள். மெழுகுதிரியோடு மதிலோரம் நிற்கிறவர்களுக்கு அது இடம் கொடுக்கும்.

வீதியோரக் கொட்டகைகளுக்குப் போங்கள். கமரா வருகிற நாளில் மட்டும் போக வேண்டாம். சாதாரண ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் போங்கள். போகும்போது கத்தோலிக்கரும், மெதடிஸ்தரும், தென்னிந்திய திருச்சபையாரும், சுயாதீன சபைப் போதகர்களும் சேர்ந்து போங்கள். தாய்மார் ஒரே பாயில் இருக்கும்போது மேய்ப்பர்கள் தனித்தனியாக நிற்பது அழகல்ல.

மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்கு ரிஸ்பாளின் கதையைச் சொல்லுங்கள். போருக்குப் பிறகு பிறந்த இந்தப் பிள்ளைகள் தங்கள் பேத்தியார் ஏன் ஒரு படத்தைத் துடைத்துக்கொண்டே இருக்கிறார் என்று அறியாமல் வளர்கிறார்கள். அவர் வேதாகமத்துக்குள் இருப்பவர் என்று அவர்களுக்குத் தெரியட்டும்.

அதன் பிறகு விண்ணகத்தைச் சொல்லுங்கள். காயங்களோடு உயிர்த்தவரைச் சொல்லுங்கள். தொலைந்த ஒருவர்கூட மறக்கப்படாத வீட்டைச் சொல்லுங்கள். தேடுகிறவர்கள் கண்டடையும் நாளின் மகிழ்ச்சியைச் சொல்லுங்கள். தேடுகிறவர்களோடு உட்கார்ந்திருந்து சொன்னால் நாங்கள் நம்புவோம்.

இறைவனின் சமாதானம் உங்களோடு இருப்பதாக.

வன்னியிலிருந்து,
உங்கள் சபைகளில் ஒரு விசுவாசி